மிஸ்ஸி, எங்க கையெழுத்து போடணும்?

கேள்வி: பதினான்கு வருடமாக மருத்துவமனையில் தாதியாக வேலை செய்கிறேன். தமிழ் மட்டும் பேசும் நோயாளி வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் 78 வயதுப் பாட்டி ஒருவர் வார்டில் இருந்தார். குடலில் புற்றுநோய். "அம்மாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க மிஸ்ஸி, தாங்க மாட்டாங்க" என்று மகன் கெஞ்சினார். டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் "கட்டி" என்று மாற்றிச் சொன்னேன். மறுநாள் ஓர் ஆராய்ச்சிக்காக ரத்தமும் திசுவும் கேட்டு வந்தார்கள். தமிழ்ப் படிவத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். இரண்டு பக்கம்கூட முடியவில்லை. "எல்லாம் சரிதாம்மா. மிஸ்ஸி, எங்க கையெழுத்து போடணும்?" என்றார். அன்று ராத்திரி மூன்று மணிக்குத் துணி மாற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு என்னம்மா வந்திருக்கு?" என்று கேட்டார். "டாக்டரைக் கேட்டுச் சொல்றேன் பாட்டி" என்றேன். கடைசிவரை சொல்லவில்லை. வார்டில் இப்படிக் காதில் விழுந்ததையெல்லாம் ஆறு வருடமாக ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். இதை ஆராய்ச்சியாகச் செய்ய ஆசை. "அதெல்லாம் டாக்டர்களும் தத்துவம் படித்தவர்களும் செய்வது" என்கிறார்கள். நான் டிப்ளமா முடித்து, பிறகு பகுதிநேரமாகப் பட்டம் வாங்கியவள். எங்கே தொடங்குவது? நோட்டைப் பயன்படுத்தலாமா?
— ஈசூன் வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் தடவை, மேற்படிப்பைப் பற்றிய கேள்வியாகத்தான் தெரிந்தது. மறுபடி படித்தபோதுதான் ஒன்று உறைத்தது. "கட்டி" என்று சொன்னதை ஒரு சம்பவமாகவும், மறுநாள் கையெழுத்து வாங்கியதை வேறொரு சம்பவமாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதான். ரத்தமும் திசுவும் எதற்காக என்று படிவத்தில் சொல்லும் இடத்தில் "புற்றுநோய்" என்ற சொல் இருந்திருக்கும். பாட்டி அதற்கு முன்பே போதும் என்றுவிட்டார். அந்த இடம் வரப்போகிறதே என்ற பதைப்போடு நீங்கள் வாசித்திருப்பீர்கள் என்றும், அவர் பேனாவைக் கேட்டதும் உங்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும் என்றும் நினைக்கிறேன். அந்தக் கட்டிலருகே நானே நின்றிருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் தனக்கு வந்திருப்பது என்னவென்றே தெரியாத ஒருவர், அந்த நோயைப் பற்றிய ஆராய்ச்சிக்கு எப்படிச் சம்மதம் கொடுக்க முடியும்?

உங்கள் ஆராய்ச்சிக் கேள்வி இதுதான். வேறெங்கும் தேட வேண்டாம். நோயின் பெயரை வீட்டார் மறைக்கச் சொன்ன பிறகு, அதே நோயாளியிடம் ஆராய்ச்சிக்குக் கையெழுத்து வாங்க வருகிறார்கள். அப்போது மொழிபெயர்க்கும் தாதி என்ன செய்கிறார்? இதைக் கேட்கத் தத்துவப் பட்டம் வேண்டாம். அந்த அறைக்குள் நின்றிருக்க வேண்டும். நீங்கள் நின்றிருக்கிறீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிங்கப்பூரில் மனிதர்களை வைத்துச் செய்யும் உயிர்மருத்துவ ஆராய்ச்சிக்கென்றே 2015ல் ஒரு சட்டம் வந்தது. ஆராய்ச்சி எதைப் பற்றியது, எதற்காகச் செய்கிறார்கள் என்று விளக்கிய பிறகே ஒப்புதல் பெற வேண்டும். அது எழுத்தில் இருக்க வேண்டும். சாட்சியும் வேண்டும். ஒப்புதல் பெறுபவரே சாட்சியாக இருக்க முடியாது. பக்கத்தில் இன்னொரு கையெழுத்துப் போடுவதோடு சாட்சியின் வேலை முடிவதில்லை. வற்புறுத்தல் இல்லாமல் அவராகவே சம்மதித்தாரா என்று பார்ப்பதும் அவர் பொறுப்பு. மனநலத் திறன் சட்டம் 2008ல் இயற்றப்பட்டது. திறன் இல்லை என்று நிரூபிக்கப்படாதவரை ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இருப்பதாகவே அது கொள்கிறது. அந்தப் பாட்டிக்கு நினைவு தெளிவாக இருந்தது என்றால், சொல்லலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை மகனுக்குச் சட்டப்படி இல்லை. மகனின் தவிப்பு உண்மையானது. அதனால் அவருக்கு உரிமை வந்துவிடாது.

ஆராய்ச்சிக்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அந்தத் திசு இன்னும் எங்கேயோ குளிர்பெட்டியில் இருக்கலாம். உங்கள் வார்டு மேலாளரிடம் நடந்ததைச் சொல்லி, இருவரும் சேர்ந்து மருத்துவமனையின் ஆராய்ச்சி அலுவலகத்திடம் பேசுங்கள். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறும் வழியைச் சட்டமே வைத்திருக்கிறது. யாரையும் மாட்டிவிடுவதாக நினைத்துத் தயங்க வேண்டாம். உண்மையில், விளக்க வேண்டிய கடமை ஆராய்ச்சிக் குழுவினுடையது. படிவத்தை வேலை நடுவில் உங்கள் கையில் திணித்து, "நீங்களே சொல்லிடுங்க" என்று நின்றிருந்தால், அது அவர்கள் செய்த பிழை. தமிழ் தெரிந்த தாதி இருக்கிறார் என்பதற்காக, மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும் பொறுப்பு அவர்களை விட்டுப் போய்விடாது.

"டாக்டர்களும் தத்துவம் படித்தவர்களும் செய்வது" என்று உங்களிடம் சொன்னவர்களுக்கு ஒரு பழைய கதையை நினைவூட்ட வேண்டும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற ஊரில் 1932ல் ஓர் ஆய்வு தொடங்கியது. சிஃபிலிஸ் நோய் கண்ட சுமார் 400 கறுப்பின ஆண்களை, சிகிச்சை கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. 1972வரை, 40 வருடம், அரசாங்கத்தின் பொதுச் சுகாதாரத் துறையே இதை நடத்தியது. அந்த மனிதர்களுக்குச் சிஃபிலிஸ் என்ற பெயர் சொல்லப்படவில்லை. "கெட்ட ரத்தம்" என்று சொல்லி வைத்திருந்தார்கள். சோர்வு, ரத்தசோகை, எல்லாவற்றுக்கும் அந்த ஊரில் வழங்கிய பொதுச் சொல் அது. உங்கள் "கட்டி"யையும் அந்தக் "கெட்ட ரத்த"த்தையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. அங்கே ஏமாற்றினார்கள்; நீங்கள் ஒரு குடும்பத்தின் கண்ணீருக்கு இடம் கொடுத்தீர்கள். ஆனால் மழுங்கலான ஒரு சொல் ஆராய்ச்சிக்கு எப்படித் திரையாகிவிடும் என்பதை இரண்டிலும் பார்க்கலாம். இதை வெளியே கொண்டுவந்தவர் யார்? பீட்டர் பக்ஸ்டன். அவர் டாக்டரும் இல்லை, தத்துவப் பேராசிரியரும் இல்லை. அந்தத் துறையில் நோயாளிகளிடம் பேட்டி எடுக்கும் ஊழியர். 1966லேயே மேலிடத்துக்கு எழுதினார், அவர்கள் மசியவில்லை. ஆறு வருடம் கழித்துப் பத்திரிகை வழியாக வெடித்தது. அதையொட்டி அமைந்த குழு 1979ல் வெளியிட்ட பெல்மான்ட் அறிக்கைதான், இன்று உலகமெங்கும் ஒப்புதல் படிவங்களுக்கு அடிப்படையாக இருக்கும் ஆவணங்களில் ஒன்று.

இனி உங்கள் நோட்டுக்கு வருகிறேன். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் பலர் சறுக்கும் இடம் இது.

அந்த நோட்டை அப்படியே தரவாகப் பயன்படுத்த முடியாது. பெயரை அழித்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். "78 வயது, குடல் புற்று, தமிழ் மட்டும் பேசுபவர், மகனுக்கு இன்ன வேலை" என்று எழுதினால், தமிழர் இவ்வளவு குறைவாக உள்ள ஊரில் பெயர் தேவையே இல்லை. தேக்கா சந்தையில் காய் வாங்கும் யாராவது ஒருவருக்கு அடையாளம் தெரிந்துவிடும். அதைவிட முக்கியம், அந்த மனிதர்கள் உங்களிடம் பேசியது தாதி என்ற நம்பிக்கையில். ஆராய்ச்சியாளர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியாது. பாட்டிக்குத் தெரியாமல் கையெழுத்து வாங்கியது தவறு என்று சொல்லும் ஆய்வு, பாட்டிக்குத் தெரியாமல் எடுத்த வார்த்தைகளின் மேல் நிற்கக் கூடாது. அந்த நோட்டு கேள்வியைப் பிறப்பித்தது. அதோடு அதன் வேலை முடிந்தது. பூட்டி வையுங்கள், வார்டுப் பெயர், கட்டில் எண் இருந்தால் இன்றே அடித்துவிடுங்கள்.

புதிதாகத் தொடங்குங்கள். நோயாளிகளிடம் போக வேண்டாம். முதல் ஆய்வுக்கு உங்களைப் போன்ற தாதியரிடம் போங்கள். தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லும் பத்துப் பன்னிரண்டு பேர் போதும். ஆளுக்கு ஒரு மணி நேரம். "கேன்சர் என்று டாக்டர் சொன்னதும் நீங்கள் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். இப்படிப்பட்ட நேர்காணல் ஆய்வு, முன்பு சொன்ன 2015 ஆராய்ச்சிச் சட்டத்தின் வரையறைக்குள் வராமல் போகலாம். வந்தாலும் வராவிட்டாலும், ஐ.ஆர்.பி. எனப்படும் நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒருவரிடமும் பேச்சுக் கொடுக்காதீர்கள். பொது மருத்துவமனைகளின் ஆய்வுகளைப் பரிசீலிக்க இத்தகைய குழுக்கள் உண்டு. விண்ணப்பிக்கும் முன் சிட்டி எனப்படும் இணையப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குழுக்களில் ஒன்றில் நான் பத்து வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறேன். தமிழ்ப் படிவங்கள் என் மேசைக்கு வரும். ஒரு படிவத்தை என்னால் மறக்க முடியாது. புது மருந்தா பழைய மருந்தா என்பதைக் கணினி தீர்மானிக்கும் என்பதை, யாருக்கும் புரியாத "சமவாய்ப்பு முறை"க்குப் பதிலாக, "குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்படுவீர்கள்" என்று எளிமையாக மாற்றியிருந்தார்கள். எனக்கும் பிடித்திருந்தது. அனுப்பும் முன் ஒரு முதியவரிடம் வாசித்துக் காட்டச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "எனக்கு டோட்டோ லாட்டரியிலயே விழுந்தது இல்ல. இதுல எங்க விழப்போகுது?" என்று வருத்தத்தோடு சொன்னார். புது மருந்துதான் பரிசு என்று அவர் எடுத்துக்கொண்டார். அது நல்லது செய்யுமா கெடுதல் செய்யுமா என்று தெரியாததால்தான் ஆராய்ச்சியே நடக்கிறது என்பது "குலுக்கல்" என்ற ஒரு சொல்லில் காணாமல் போய்விட்டது. ஆராய்ச்சியைச் சிகிச்சை என்று எண்ணிக்கொள்ளும் இந்த மயக்கத்துக்கு, மனநல மருத்துவர் பால் அப்பல்பாமும் அவருடைய சகாக்களும் 1982லேயே ஒரு பெயர் வைத்து எழுதியிருக்கிறார்கள். தமிழில் அந்த மயக்கம் எந்தெந்தச் சொல் வழியாக நுழைகிறது என்பதை எழுத வேண்டியவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான்.

"சம்மதம்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் இருக்கும்போது அது சட்டச் சொல். நம் வீடுகளில் அந்தச் சொல்லை எங்கே கேட்டிருக்கிறோம்? பெண் பார்க்க வந்த அன்று. "உனக்குச் சம்மதமாம்மா?" என்று கூடத்தில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கக் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு இரண்டு பதில் உண்டு என்று அந்தத் தலைமுறைப் பெண்கள் எத்தனை பேர் நினைத்தார்கள்? "அப்பா சொன்னா சரி" என்று அன்று தலையாட்டிப் பழகியவர், 60 வருடம் கழித்து "டாக்டர் சொன்னா சரி" என்கிறார். மருத்துவத்தையும் மானுடப் புலங்களையும் சேர்த்துப் படிக்கும் மெடிக்கல் ஹியுமானிட்டிஸ் என்ற துறை இந்த இடத்தில்தான் கைகொடுக்கும். சொல்லின் வரலாறு, வீட்டுக்குள் பெண் பேசும் விதம், ஒருவர் தன் நோயைக் கதையாகச் சொல்லும் முறை, எல்லாமே அங்கே சான்றுகள்தாம். 1979ல் தொடங்கிய நமது வாய்மொழி வரலாற்று நிலையத்தில் தமிழ் நேர்காணல்களும் இருக்கின்றன. விடுமுறை நாளில் சிலவற்றைக் கேட்டுப் பாருங்கள். அக்கால மனிதர்கள் நோயையும் மரணத்தையும் எந்தச் சொற்களால் சொன்னார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கென்று ஒரு புது நோட்டு போடுங்கள், அதில் தயக்கமின்றி எழுதலாம்.

நம் மக்கள் ஆராய்ச்சிகளில் எண்ணிக்கையாக இடம்பெறத்தான் செய்கிறார்கள். 2019ல் வெளிவந்த சிங்கப்பூர் மரபணு ஆய்வில் 4,810 பேரின் முழு மரபணுத் தொகுதி வாசிக்கப்பட்டது. அவர்களில் 1,127 பேர் இந்தியர். அடுத்த கட்டத்துக்கு 100,000 பேர் என்று இலக்கு வைத்தார்கள். பயனுள்ள வேலை, ஐரோப்பியர்களின் மரபணுவை மட்டும் வைத்து நமக்கு மருந்து தீர்மானிக்கும் நிலை மாற வேண்டும். ஆனால் இனம் என்ற கட்டத்தில் "இந்தியர்" என்று ஒரு குறி போடுவதோடு நின்றுவிட்டால், அவர் எந்த மொழியில் கேட்டார், என்ன புரிந்துகொண்டார் என்பது தெரியாமலே போகும். விடுதியில் தங்கிக் கட்டுமானத் தளத்துக்குப் போகும் ஊழியர் ஒருவருக்கு, ஆராய்ச்சியில் சேர மறுத்தால் வேலை அனுமதிச்சீட்டுக்கு ஏதாவது ஆகுமோ என்ற பயம் இருக்கும். 'நீங்கள் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்' என்ற ஒரு வரி அந்தப் பயத்தைப் போக்காது.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் லூ லின் மருத்துவப் பள்ளியில் 2006ல் தொடங்கிய உயிர்மருத்துவ நெறி மையம் இருக்கிறது. முனைவர் பட்டத்துக்கு அங்கே ஆய்வு செய்யலாம். மருத்துவமனை நெறிக்குழுக்களுக்குத் துணை நிற்கும் சென்ட்ரஸ் என்ற வலையமைப்பையும் அந்த மையமே நடத்துகிறது. சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமமும் டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியும் இணைந்து மருத்துவ மானுடப் புலங்களுக்கென்று ஒரு கழகம் வைத்திருக்கின்றன. இவை எதற்கும் இப்போதே ஓட வேண்டாம். முதலில் சிங்கப்பூர் பயோஎத்திக்ஸ் கேஸ்புக் என்பதை இணையத்தில் இலவசமாகப் படியுங்கள். நம் ஊர் மருத்துவமனை, வீடு, முதியோர் இல்லங்களைக் களமாக வைத்து எழுதிய நிகழ்வுகள். ஒன்றைப் படித்து முடித்ததும், அதோடு உள்ள விளக்கவுரையைப் பார்க்காமல் நீங்களே ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். உங்களால் முடியும் என்பது அப்போது தெரியும். வார்டு வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். உங்கள் பலம் அங்கேதான் இருக்கிறது.

படிக்கத் தொடங்கியதும் ஒரு வாக்கியம் அடிக்கடி கண்ணில் படும். மேற்கில் தனிமனிதர் முடிவெடுப்பார், ஆசியாவில் குடும்பம் முடிவெடுக்கும் என்று. அதை நம்பி எழுதிவிடாதீர்கள். இன்னொரு பக்கம், எல்லாம் திருக்குறளிலேயே சொல்லியாகிவிட்டது என்று முடிக்கும் கட்டுரையும் வேண்டாம். உங்கள் பாட்டி ஆசியக் குடும்பத்தின் தாய்தான். பகலில் மகன் முன்னால் ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு, யாரும் இல்லாதபோது, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். தெரிந்துகொள்ள அவருக்கு விருப்பம் இருந்தது. மகன் தாங்க மாட்டார் என்று அவரும் நினைத்திருக்கலாம்.

அந்தக் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் கடிதத்தில் அந்த வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

"டாக்டரைக் கேட்டுச் சொல்றேன்" என்றது பொய் இல்லை. தாதியாக நீங்களே அந்த நேரத்தில் நோயின் பெயரைச் சொல்லியிருக்கவும் முடியாது. ஆனால் காலையில் டாக்டரிடம், "பாட்டி கேட்டாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சுக்கணும்" என்று சொல்லியிருக்கலாம், கேஸ் குறிப்பில் எழுதியிருக்கலாம். அடுத்த முறை யாராவது அப்படிக் கேட்டால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "நீங்க என்னன்னு நினைக்கிறீங்க பாட்டி?" என்று திருப்பிக் கேளுங்கள். பிறகு, "எல்லாத்தையும் உங்ககிட்டயே சொல்லட்டுமா, இல்ல மகன்கிட்ட பேசினா போதுமா?" என்று கேளுங்கள். சிலர் மகனிடம் பேசுங்கள் என்பார்கள். அதுவும் அவருடைய முடிவுதான். நாம் மதிக்க வேண்டும். மகனிடமும், "சொன்னா என்ன ஆகும்னு பயப்படுறீங்க தம்பி?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அம்மா அழுவாரே என்று தொடங்குவார். கொஞ்ச நேரத்தில் தன்னைப் பற்றிப் பேசுவார்.

என் முதல் ஆய்வில் நானும் ஒருவரிடம் பதில் சொல்லாமல் வந்திருக்கிறேன். முதியோர் பகல் பராமரிப்பு இடம் ஒன்றுக்கு நாற்பது கேள்வியோடு போனேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்ன ஒரு பெரியவர், கடைசியில், "எழுதிட்டுப் போற. என்ன கண்டுபிடிச்சேன்னு எனக்கு வந்து சொல்லுவியா?" என்று கேட்டார். சொல்கிறேன் என்றேன். கட்டுரை அச்சாகி நான் திரும்பிப் போனபோது அவர் இல்லை. அதற்குப் பிறகு நான் பார்க்கும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும், முடிவைப் பங்கேற்பாளர்களிடம் எப்போது, எந்த மொழியில் போய்ச் சொல்வீர்கள் என்று கேட்காமல் விட்டதில்லை. உங்கள் விண்ணப்பத்திலும் யாராவது கேட்பார்கள். பதிலை முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

ஆய்வுத் திட்டத்தின் முதல் பக்கம் தயாரானதும் எனக்கு அனுப்புங்கள். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை. பாட்டியின் வயது, நோய், மகனின் வேலை எதுவும் அதில் இருக்கக் கூடாது. அவர் கேட்ட கேள்வி மட்டும் இருக்கட்டும்.